விமானப் பயணச் சீட்டும் இழப்பீட்டு உரிமையும்

1953-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் நாகபுரியிலிருந்து இரவு அஞ்சல் சேவையில் புறப்பட்ட டகோட்டா விமானம் ஒன்று, மேலெழுந்த சிறிது நேரத்திலேயே வீழ்ந்து எரிந்தது. பயணிகள் அனைவரும் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவரின் மனைவி இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1965-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பாகச் சட்ட ஏடுகளில் இடம்பெற்றது. விமான நிறுவனத்தின் கவனக்குறைவால் நேரும் இழப்புக்கும் அந்நிறுவனம் பொறுப்பாகாது என்ற நிபந்தனை பயணச் சீட்டில் அச்சிடப்பட்டிருந்தது. அந்நிபந்தனை செல்லும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அக்குடும்பத்திற்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

இத்தனைக்கும், விமானப் பயணிகளுக்கு இழப்பீடு வழங்குவதற்கான சட்டம் ஒன்று 1934 முதலே இந்தியாவில் நடைமுறையில் இருந்தது. ஆனால் அச்சட்டம் பன்னாட்டுப் பயணங்களுக்கு மட்டுமே உரியது. இறந்தவர் கையில் இருந்ததோ உள்நாட்டுப் பயணச் சீட்டு. அவர் வெளிநாட்டுக்குச் செல்லும் சீட்டுடன் அதே விமானத்தில், அதே இருக்கையில் அமர்ந்திருப்பாரேயானால், பொறுப்பை முற்றாக விலக்கும் நிபந்தனை தானாகவே செல்லாததாகியிருக்கும்.

விமானப் போக்குவரத்துச் சட்டத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதுவே. விபத்துக்கு யார் காரணம் என்ற வினா பின்னர் வருவது. பயணி எங்கிருந்து எவ்விடத்திற்குச் சீட்டு பெற்றிருந்தார், எந்த நாளில் பயணம் செய்தார், அந்நாளில் அவ்விரு நாடுகளும் எந்த உடன்படிக்கையை ஏற்றிருந்தன என்ற வினாக்கள் அதற்கு முன்னரே எழுகின்றன. டெல்லியில் புறப்பட்டு மும்பை வழியாக இலண்டன் செல்லும் விமானம் ஒன்றைக் கொள்வோம். டெல்லி முதல் மும்பை வரை மட்டும் சீட்டு பெற்றவர் உள்நாட்டுப் பயணி. அவரருகே இலண்டன் சீட்டுடன் அமர்ந்திருப்பவர், டெல்லியிலிருந்தே பன்னாட்டுப் பயணி. விமானம் ஒன்று, விபத்து ஒன்று, சட்டம் இரண்டு.

வார்சா உடன்படிக்கை

பன்னாட்டு விமானப் பயணத்திற்குப் பொதுவான விதிகளை வகுத்த முதல் உடன்படிக்கை, 1929-ஆம் ஆண்டு அக்டோபர் 12-இல் போலந்தின் தலைநகரான வார்சாவில் கையெழுத்தாகி, 1933-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று விமானத் தொழில் குழந்தைப் பருவத்தில் இருந்தது. ஒரு பெரும் விபத்து ஒரு நிறுவனத்தையே முடக்கிவிடும் என்ற அச்சம் நிலவியது. ஆகவே உடன்படிக்கையில் ஒரு கொடுக்கல் வாங்கல் அமைந்தது. விபத்து நேர்ந்தால் நிறுவனமே பொறுப்பு என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். பயணி கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, நிறுவனத்தின் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டாது. தேவையான எல்லா முன்னேற்பாடுகளையும் செய்ததாக மெய்ப்பித்தால் நிறுவனம் தப்பலாம். வேண்டுமென்றே தவறிழைத்ததாகப் பயணி மெய்ப்பித்தால் உச்சவரம்பு நீங்கும். இந்தியாவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை அட்டவணையாக ஏற்றது. 1955-இல் தி ஹேக் நகரில் உருவான துணை உடன்படிக்கை வரம்பை இரு மடங்காக்கியது. அதனையும் சேர்த்து நமது நாடாளுமன்றம் 1972-இல் விமானவழி ஏற்றிச்செல்லல் சட்டத்தை இயற்றியது. உள்நாட்டுப் பயணங்களுக்கும் இவ்விதிகளை, தொகையை மாற்றி, அரசு அறிவிக்கைகளின் வழியே விரிவுபடுத்தினர். 2014-ஆம் ஆண்டின் அறிவிக்கை உள்நாட்டுப் பயணியின் உயிரிழப்புக்கான தொகையை 20 லட்சம் ரூபாய் என்று வரையறுத்தது.

வரம்பைப் பொன்னில் நிர்ணயித்தது அன்றைய அறிஞர்களுக்குப் பாதுகாப்பான வழியாகத் தோன்றியது. ஒரு பயணிக்கு 1,25,000 பிராங்கு. ஒவ்வொரு பிராங்கும் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தூய்மையுடைய 65.5 மில்லிகிராம் பொன். பெருக்கிப் பார்த்தால் சுமார் 7.4 கிலோ தூய பொன் வரும். பொன்னின் அதிகாரபூர்வ விலை அவுன்சுக்கு 35 டாலராக இருந்தவரை இத்தொகை சுமார் 8,300 டாலர். 1970-களில் அதிகாரபூர்வ விலை என்பதே இல்லாமற்போயிற்று. சந்தை விலையைக் கொண்டு கணக்கிடுவதா, பழைய விலையைக் கொண்டு கணக்கிடுவதா என்ற வினா நீதிமன்றங்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. 1979-இல் பிலடெல்பியாவிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டுக் காணாமற்போன நாணயச் சேகரிப்புப் பொதிகள் குறித்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் பழைய மாற்று விகிதத்தையே ஏற்று, பவுண்டு எடைக்கு 9.07 டாலர் என்று முடித்தது. இன்று பொன்னுக்குப் பதிலாக, பன்னாட்டு நிதியத்தின் சிறப்பு எடுப்பு உரிமை என்னும் அலகு பயன்படுகிறது. டாலர், யூரோ, சீன யுவான், யென், பவுண்டு ஆகிய ஐந்து நாணயங்களின் கூட்டு மதிப்பு அது.

செல்வ நாடுகளுக்கு இவ்வரம்பு மிகக் குறைவாகப் பட்டது. 1965-இல் அமெரிக்கா உடன்படிக்கையிலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவிற்குச் செல்லும், அங்கிருந்து வரும் பயணங்களுக்கு 75,000 டாலர் வரை பொறுப்பேற்க விமான நிறுவனங்கள் 1966-இல் உடன்பட்ட பின்னரே அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வளரும் நாடுகளின் பயணிகளுக்கு இத்தகைய பேரம் பேசுவார் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிடத்தான் வேண்டும்.

ஒரு சொல்லின் விலை

வார்சா உடன்படிக்கையின் மூலம் பிரெஞ்சு மொழியில் அமைந்தது. அதனால் இத்துறை வழக்கறிஞர் பிறமொழிச் சொற்களின் நுட்பத்தோடு போராட வேண்டியவராகிறார். மூன்று வழக்குகளைக் காண்போம்.

1975-இல் இத்தாலியிலிருந்து இங்கிலாந்து திரும்பிய ஒரு பயணியின் பெட்டி கிழிந்திருந்தது. அதை அவர் விமான நிலையத்திலேயே தெரிவித்தார். பெட்டிக்குள்ளிருந்த சில துணிகளும் காலணியும் காணாமற்போனதை வீட்டில்தான் கண்டார். அவற்றின் மதிப்பு 16 பவுண்டு 50 பென்ஸ். ‘சேதம்’ ஏற்பட்டால் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்பது விதி. பெட்டியிலுள்ள பொருள்களில் ஒரு பகுதி தொலைவதும் ‘சேதம்’ ஆகுமா? இவ்வளவு சிறிய தொகைக்காக வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் அவை வரை சென்றது; ஏனெனில் விடையைப் பொறுத்து உலகெங்கும் பல்லாயிரம் கோரிக்கைகளின் கதி மாறும். உடன்படிக்கை உருவான மாநாட்டின் நடவடிக்கைக் குறிப்புகளையும் பிரெஞ்சுச் சொல்லையும் ஆராய்ந்த நீதிபதிகள், பகுதி இழப்பும் சேதமே என்று 1980-இல் தீர்ப்பளித்தனர். காலக்கெடுவுக்குள் முறையிடாத பயணி தோற்றார்.

இரண்டாவது வழக்கில், பாரிசிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சென்ற பெண்மணி ஒருவருக்கு, விமானம் தரையிறங்குகையில் ஏற்பட்ட காற்றழுத்த மாற்றத்தால் ஒரு காது செவிடாயிற்று. விமானத்தின் அழுத்தக் கருவி பழுதின்றி இயங்கியது. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘விபத்து’ என்பது பயணியின் உடலுக்குப் புறம்பான, எதிர்பாராத அல்லது வழக்கத்திற்கு மாறான நிகழ்ச்சி என்று இலக்கணம் வகுத்தது. இயல்பாக இயங்கிய விமானத்தில் உடல் தானே காட்டிய எதிர்விளைவு விபத்து ஆகாது. இவ்விலக்கணம் இன்றும் பல நாட்டு நீதிமன்றங்களில் வழிகாட்டியாக உள்ளது.

மூன்றாவது, 1983-இல் மயாமியிலிருந்து பஹாமாவிற்குப் புறப்பட்ட விமானத்தின் மூன்று பொறிகளும் அடுத்தடுத்து நின்ற நிகழ்ச்சி. விமானம் கடலில் இறங்கப்போகிறது என்று பயணிகளுக்கு அறிவித்தனர். கடைசி வேளையில் ஒரு பொறி மீண்டும் இயங்கியது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. யாருக்கும் காயமில்லை. மரண பயத்திற்கு இழப்பீடு உண்டா? பிரெஞ்சு மூலம் ‘உடற்காயம்’ என்று மட்டுமே கூறுவதால், உடலில் காயமில்லாத மன வேதனைக்கு இழப்பீடு இல்லை என்று அதே நீதிமன்றம் 1991-இல் முடிவு கூறியது. மொழி வரலாற்றை நுணுகி ஆராய்ந்த தீர்ப்பு அது. ஆயினும் அந்த விமானத்தில் இருந்தவர்கள் அதை நியாயம் என்று ஒப்புவார்களா என்பது ஐயமே.

மங்களூர் விபத்தும் புதிய சட்டமும்

பழைய முறையின் சிக்கல்களைக் களைய 1999-ஆம் ஆண்டு மே 28-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் புதிய உடன்படிக்கை உருவாயிற்று. 2003-இல் நடைமுறைக்கு வந்தது. உயிரிழப்புக்கும் உடற்காயத்திற்கும் உச்சவரம்பு என்பதே அதில் இல்லை. பொறுப்பு இரு படிகளாக அமைந்தது. ஒரு லட்சம் சிறப்பு எடுப்பு உரிமை அலகு வரை, தன்னிடம் தவறில்லை என்று கூறி நிறுவனம் தப்ப இயலாது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு, தன் கவனக்குறைவால் விபத்து நேரவில்லை என்றோ, மூன்றாமவர் ஒருவரின் தவறே முழுக் காரணம் என்றோ நிறுவனம் மெய்ப்பித்தாலன்றி விடுபட முடியாது. விலைவாசிக்கேற்ப முதற்படியின் அளவு ஐந்தாண்டுக்கொருமுறை மீளாய்வு செய்யப்படும். 2009-இன் இறுதியில் அது 1,13,100 ஆகவும், 2019-இன் இறுதியில் 1,28,821 ஆகவும், 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 ஆகவும் உயர்ந்தது.

இந்தியா இவ்வுடன்படிக்கையில் 2009-இல் இணைந்து, 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணையாக அதைச் சேர்த்தது. ஓராண்டு கூட நிறையவில்லை. 2010 மே 22-இல் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிச் சென்று பள்ளத்தில் விழுந்தது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். வளைகுடா நாடுகளில் உழைத்துக் குடும்பம் காத்தவர்கள் அவர்களுள் பலர். இவ்விபத்து ஓராண்டு முன்னர் நேர்ந்திருப்பின் பழைய அட்டவணையே பொருந்தியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அரசாங்கக் கோப்பு ஒன்று உரிய காலத்தில் நகர்வதன் பயன் விளங்கும்.

புதிய சட்டத்தின் சொற்கள் உடனே சோதனைக்கு உள்ளாயின. இறந்த இளைஞர் ஒருவரின் பெற்றோர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினர். முதற்படித் தொகை, அன்றைய மதிப்பில் சுமார் 75 லட்சம் ரூபாய், ஒவ்வொரு குடும்பத்திற்கும் குறைந்தபட்சமாக வழங்கப்பட வேண்டும் என்று தனி நீதிபதி 2011 ஜூலையில் தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. அமர்வின் கருத்தில், முதற்படி என்பது நிறுவனம் எந்தத் தற்காப்பையும் எழுப்ப இயலாத எல்லையே தவிர, குறைந்தபட்ச இழப்பீடு அன்று. குடும்பத்தினர் தம் இழப்பை எண்ணிக் காட்டி மெய்ப்பிக்க வேண்டும்.

உடன்படிக்கையின் வாசகத்தைக் கூர்ந்து படித்தால் அமர்வின் முடிவே பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆனால் அதன் விளைவு கடினமானது. வருமானச் சான்று இல்லாத தொழிலாளியின் குடும்பம் தன் இழப்பை எவ்வாறு மெய்ப்பிக்கும்? வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து சம்பளப் பட்டியலை யார் பெற்றுத் தருவர்? நல்ல வழக்கறிஞரின் உழைப்பு இங்கேதான் தேவைப்படுகிறது. இதே விபத்தில் இறந்த, வளைகுடாவில் உயர் பதவி வகித்த 45 வயதினர் ஒருவரின் குடும்பம் சான்றுகளை முறையாக முன்வைத்துத் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் வழக்காடியது. முடிவில் உச்ச நீதிமன்றம் 2020 மே மாதத்தில் இழப்பீட்டை 7 கோடியே 64 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஊதியத்தைப் பணி வழங்குபவர் பல தலைப்புகளாகப் பிரித்துக் காட்டியிருப்பதைக் காரணமாகக் கொண்டு அதில் ஒரு பகுதியைக் கழிப்பது தவறு என்று நீதிமன்றம் கூறியது. சாலை விபத்து வழக்குகளில் வளர்ந்த கணக்கீட்டு முறையே இங்கும் கைகொடுத்தது. தீர்ப்பு வந்தபோது விபத்து நிகழ்ந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

எந்த நாட்டு நீதிமன்றம்?

வழக்கை எந்நாட்டில் தொடுப்பது என்பதும் தொகையைப் பெரிதும் பாதிக்கும். வார்சா உடன்படிக்கை நான்கு இடங்களை அனுமதித்தது: நிறுவனத்தின் இருப்பிடம், அதன் தலைமைத் தொழிலிடம், சீட்டு விற்ற அலுவலகம் உள்ள இடம், பயணத்தின் சேருமிடம். மான்ட்ரியால் உடன்படிக்கை ஐந்தாவதாகப் பயணியின் நிலையான வாழ்விடத்தையும் சேர்த்தது. ஆனால் நிறுவனம் அந்நாட்டில் சேவையும் அலுவலும் நடத்த வேண்டும். மாணவர்கள் இடறி விழும் நுட்பம் ஒன்று இங்கே உண்டு. இருவழிச் சீட்டில் சேருமிடம் என்பது தொடங்கிய இடமே. இலண்டனிலிருந்து அகமதாபாத் வந்து திரும்பும் சீட்டுக்குச் சேருமிடம் இலண்டன். அகமதாபாத்தில் தொடங்கி அங்கேயே முடியும் சீட்டுக்கு அகமதாபாத்.

2025 ஜூன் 12-இல் அகமதாபாத்திலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்ட விமானம் மருத்துவக் கல்லூரி விடுதியின் மீது விழுந்தபோது இக்கேள்விகள் அனைத்தும் ஒருசேர எழுந்தன. விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். தரையில் 19 பேர் இறந்தனர். தரையில் இறந்தவர்கள் பயணிகள் அல்லர். அவர்களிடம் சீட்டு இல்லை. ஆகவே மான்ட்ரியால் உடன்படிக்கை அவர்களுக்குத் துணை வராது. அவர்களின் குடும்பங்கள் பொதுவான தீங்கியல் சட்டத்தையே நம்ப வேண்டும். விமானம் தயாரித்த நிறுவனத்தின் மீதான வழக்குகளும் இவ்வுடன்படிக்கைக்கு அப்பாற்பட்டவை.

நுகர்வோர் மன்றத்தில் இவ்வழக்குகளைத் தொடரலாமா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்த்து வைத்தது. ஸ்பெயினுக்கு அனுப்பிய ஆடைகளை, சரக்குப் பத்திரத்தில் பெறுநராகக் குறிக்கப்பட்ட வங்கியிடம் ஒப்படைக்காமல் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டதாக எழுந்த வழக்கு அது. நுகர்வோர் ஆணையமும் உடன்படிக்கை கூறும் ‘நீதிமன்றம்’ என்பதில் அடங்கும் என்று தீர்ப்பாயிற்று. சிறு ஏற்றுமதியாளர்களுக்கு இது பெரும் உதவி.

அரசின் வழக்கறிஞர்

இத்துறையில் தனியார் கோரிக்கைகள் ஒரு பாதியே. மறுபாதி அரசுகளுக்கிடையிலானது. 1971 ஜனவரி 30-இல் இந்தியன் ஏர்லைன்ஸின் ‘கங்கா’ என்ற விமானம் ஸ்ரீநகர்–ஜம்மு வழியில் கடத்தப்பட்டு லாகூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிப்ரவரி 2-இல் அங்கே எரிக்கப்பட்டது. இந்தியா தன் வான்வெளியில் பாகிஸ்தான் விமானங்கள் பறப்பதைத் தடை செய்தது. பாகிஸ்தான், 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையைச் சுட்டி, மான்ட்ரியாலில் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் பேரவையில் முறையிட்டது. அவ்வுடன்படிக்கை இரு நாடுகளுக்கிடையே செயலற்றுவிட்டதால் பேரவைக்கு அதிகாரமில்லை என்று இந்தியா வாதிட்டது, பேரவை ஏற்கவில்லை. இந்தியா சர்வதேச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. இந்தியத் தரப்பின் தலைமை வழக்கறிஞர் என்.ஏ. பால்கிவாலா. 1972 ஆகஸ்டு 18-இல் வந்த தீர்ப்பு, மேல்முறையீட்டை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 13-க்கு 3 என்ற கணக்கிலும், பேரவைக்கும் அதிகாரம் உண்டு என்று 14-க்கு 2 என்ற கணக்கிலும் கூறியது. முதலாவது நமக்குச் சாதகம்; இரண்டாவது பாதகம். பூசல் 1976-இல் இரு நாடுகளின் உடன்பாட்டால் முடிவுற்றது.

அவ்வாண்டுகளில் அப்பன்னாட்டு நிறுவனத்தின் தலைமைச் செயலராக இருந்த அஸ்ஸாத் கொட்டைட்டும் வழக்கறிஞரே. லெபனானில் பிறந்து, பெய்ரூட்டிலும் பாரிசிலும் சட்டம் பயின்றவர். தம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் சட்டப் பிரிவில் 1953-இல் பணி தொடங்கினார். 1976 முதல் 2006 வரை முப்பது ஆண்டுகள் பேரவைத் தலைவராக விளங்கினார். 1983-இல் 269 பேருடன் கொரிய விமானம் சோவியத் போர் விமானத்தால் வீழ்த்தப்பட்ட பின், பறக்கும் பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தலாகாது என்ற விதி 1984-இல் சிகாகோ உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டதும், 1999-இன் மான்ட்ரியால் மாநாடு நடந்தேறியதும் அவர் தலைமைக் காலத்திலேயே. சிறிய நாட்டு அலுவலர் ஒருவர், ஒப்பந்த வாசகங்களில் பெற்ற புலமையைக் கொண்டு எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதற்கு அவர் சான்று. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1951 முதலே விமானச் சட்டக் கல்வி நிலையம் இயங்குகிறது. இந்திய மாணவருக்கு ஐதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் பயில வாய்ப்பு உண்டு.

அண்மைக் காலத்தில் விமானக் குத்தகை தொடர்பான பணியும் பெருகியுள்ளது. நம் நாட்டில் பறக்கும் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. குத்தகை தவறினால் உரிமையாளர் விமானத்தை விரைவில் மீட்க வழி செய்யும் 2001-ஆம் ஆண்டின் கேப்டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008-இல் இணைந்தும், அதற்கான தனிச் சட்டம் நெடுங்காலம் இயற்றப்படவில்லை. 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்கு உட்பட்டபோது, உரிமையாளர்கள் தம் விமானங்களைத் தொடவும் இயலாமல் நின்றனர். டெல்லி உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் பதிவு நீக்கத்திற்கு ஆணையிட்ட பின்னரே அவை விடுபட்டன. இத்தகைய தாமதம் ஏற்படுத்தும் அச்சம் குத்தகைக் கட்டணத்தில் ஏறி, இறுதியில் பயணச் சீட்டின் விலையில் வந்து நிற்கிறது. அத்தனிச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் இயற்றியது.

வழக்கு எத்தகையதாயினும் நாட்குறிப்பை முதலில் பார்ப்பது இத்துறை வழக்கறிஞரின் வழக்கம். பதிவு செய்த பயணப் பெட்டி சேதமுற்றால் ஏழு நாட்கள். சரக்கு சேதமுற்றால் பதினான்கு நாட்கள். பெட்டியோ சரக்கோ தாமதமாக வந்து சேர்ந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து இருபத்தொரு நாட்கள். இவற்றுக்குள் எழுத்து மூலம் முறையிட்டிருக்க வேண்டும். உயிரிழப்பு உட்பட எல்லா இழப்பீட்டு வழக்குகளையும் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். விமானம் சேருமிடம் அடைந்த நாள், அடைந்திருக்க வேண்டிய நாள் அல்லது பயணம் தடைப்பட்ட நாளிலிருந்து இக்கெடு கணக்கிடப்படும். இழப்பீட்டுத் தொகை குறித்து நிறுவனத்துடனோ காப்பீட்டாருடனோ கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது என்பதனால் இக்காலம் நின்றுவிடுவதில்லை.